தெற்கு வானம் நமக்கு எவ்வளவு தெரியும்? ஒரு கழித்தல் கணக்கு

“தெற்குச் சிலுவையைப் பார்க்கணும்னா ஆஸ்திரேலியாதான் போகணும்.” வானம் பார்க்கும் ஆசை உள்ளவர்கள் நாலு பேர் சேர்ந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். இன்னொருவர், “அது தென் துருவ நட்சத்திரம், எப்போதும் நேர் தெற்கைத்தான் காட்டும்” என்பார். மூன்றாமவர், பெரிய டெலஸ்கோப் இல்லாமல் தெற்கு வானத்தில் ஒன்றும் தெரியாது என்பார். மூன்றும் தவறு. ஓர் ஊரில் நின்றால் வானத்தின் எந்தப் பகுதி கண்ணில் படும், எந்தப் பகுதி ஒருநாளும் படாது என்பதை எது முடிவு செய்கிறது? இது தெரிந்துவிட்டால் இந்த மூன்றும் தானாக விலகிவிடும்.

போன வருடம் மே மாதம், பள்ளி விடுமுறையில், உவரி கடற்கரையில் அக்கா மகளோடு உட்கார்ந்திருந்தேன். அமாவாசைக்கு இரண்டு நாள் இருந்தது. மாலை ஏழரை மணிக்கு, கடலுக்கு மேலே தெற்கில் நான்கு நட்சத்திரங்களைக் காட்டி, “இதுதான் தெற்குச் சிலுவை” என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: “மாமா, அது ஏன் இடது பக்கமா சாஞ்சிருக்கு? அப்புறம் நிமிருமா?”

நிமிரும். ஆனால் ஏன் நிமிரும் என்று அந்த மணலில் வைத்துச் சரியாக விளக்க எனக்கு அப்போது வரவில்லை. இந்தக் கட்டுரை அவளுக்காகவும்தான்.

பூசணிக்காய் மேல் ஓர் எறும்பு

ஒரு பெரிய பூசணிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். காம்பு மேலே இருக்கட்டும், அதுதான் வட துருவம். அடிப்பக்கம் தென் துருவம். காயின் மேல் ஓர் எறும்பு நிற்கிறது. அதன் காலடியில் ஒரு தபால் அட்டையைத் தட்டையாக ஒட்டிவையுங்கள். அட்டைக்கு மேலே இருப்பதெல்லாம் எறும்புக்குத் தெரியும். அட்டைக்குக் கீழே இருப்பதைக் காய் மறைத்துவிடும். அந்த அட்டைதான் அடிவானம்.

எறும்பு காம்பின் மேல் நின்றால் அட்டை கிடைமட்டமாக இருக்கும். மேல்பாதி அறை தெரியும், கீழ்ப்பாதி தெரியவே தெரியாது. எறும்பு காயின் நடு வயிற்றுக்கு இறங்கி வந்தால் அட்டை செங்குத்தாக நிற்கும். இப்போது மேல்பக்கத்தில் பாதியும் கீழ்ப்பக்கத்தில் பாதியும் தெரியும். அங்கே காயை ஒரு சுற்று சுற்றிவிட்டால், மீதி இருந்த பாதிகளும் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு வந்துவிடும். நடு வயிற்றில் நிற்கும் எறும்புக்கு அறையின் எந்த மூலையும் மறைவில்லை.

பூமியில் நம் நிலைமையும் இதேதான். நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே எவ்வளவு பாகை (டிகிரி) தள்ளி நிற்கிறோம் என்பதற்குப் பெயர் அட்சரேகை. சென்னை 13 பாகை வடக்கு. மதுரையும் யாழ்ப்பாணமும் ஏறக்குறைய 10. கன்னியாகுமரி 8. டெல்லி 28.6, லண்டன் 51.5. எறும்புக் கணக்கில், லண்டன்காரர் காம்புப் பக்கம் பாதித் தூரத்துக்கு மேல் ஏறிவிட்டார். நாம் நடு வயிற்றுக்கு மிக அருகில் நிற்கிறோம்.

இதைக் கணக்காகவும் போடலாம். ஒரு வருடம் முழுக்க எல்லா இரவுகளையும் சேர்த்துப் பார்த்தால், மொத்த வானத்தில் லண்டனுக்கு என்றுமே தெரியாத பகுதி ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. டெல்லிக்குத் தெரியாதது நூற்றில் 6 பங்கு. சென்னைக்குத் தெரியாதது? நூற்றில் 1.3 பங்குதான். தெற்கு வானம் ஆஸ்திரேலியாவின் சொத்து என்று நினைக்கும் நம்மவர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு இந்த எண்ணைச் சொல்ல வேண்டும் போல் இருக்கும் எனக்கு.

சாய்ந்த வண்டி அச்சு

அடுத்தது சுழற்சி. பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுழல்வதால், வானம் கிழக்கிலிருந்து மேற்கே சுழல்வதுபோல் தெரிகிறது. நட்சத்திரங்கள் எல்லாம் வெவ்வேறு தூரத்தில் இருந்தாலும், நம்மைச் சுற்றி ஒரு பெரிய பந்தின் உட்புறத்தில் ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்வது பார்வைக்கு வசதி. அந்தக் கற்பனைப் பந்துக்குப் பெயர் வான்கோளம். பூமியின் அச்சை இரண்டு பக்கமும் நீட்டினால் அது வான்கோளத்தைத் தொடும் இரண்டு புள்ளிகள் வட வான்துருவம், தென் வான்துருவம். இரண்டுக்கும் சரிபாதியில் ஓடும் வட்டம் வான நடுவரை.

இப்போது ஒரு மாட்டு வண்டியின் அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் சுழலும்போது ஆரக்கால்கள் வேகமாக ஓடும், அச்சின் முனை இருந்த இடத்திலேயே இருக்கும். வானமும் அப்படித்தான். வான்துருவத்துக்கு அருகில் உள்ள நட்சத்திரங்கள் சின்ன வட்டம் போடும், தள்ளி உள்ளவை பெரிய வட்டம் போடும், துருவப் புள்ளி மட்டும் அசையாது. வட வான்துருவத்துக்கு மிக அருகில் தற்செயலாக ஒரு நட்சத்திரம் இருக்கிறது. அதுதான் துருவ நட்சத்திரம். அதன் பெருமை முழுக்க அந்த இடத்தால் வந்தது. பிரகாசத்தில் அது நடுத்தரம்தான்.

அந்த அச்சு எவ்வளவு சாய்ந்திருக்கும் என்பதை அட்சரேகை சொல்லும். நிலநடுக்கோட்டில் அச்சு தரையோடு தரையாகப் படுத்திருக்கும். வட துருவத்தில் செங்குத்தாக நிற்கும். சென்னையில் அதன் வடக்கு முனை அடிவானத்துக்கு மேலே 13 பாகை தூக்கியிருக்கும். அப்படியானால் தெற்கு முனை? அதே 13 பாகை அடிவானத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். துருவ நட்சத்திரம் நம் ஊரில் தாழ்வாக, பல நேரம் பக்கத்து வீட்டுத் தென்னை மரத்துக்குப் பின்னால் மறைந்து கிடப்பதற்குக் காரணம் இந்தச் சாய்வுதான். தெற்குச் சிலுவை கொஞ்ச நேரம் மட்டும் தலைகாட்டிவிட்டுப் போவதற்கும் காரணம் இதுவே.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நம் ஊரின் அட்சரேகை எவ்வளவோ, வட வான்துருவம் அவ்வளவு உயரத்தில் இருக்கும், தென் வான்துருவம் அவ்வளவு ஆழத்தில் இருக்கும். மறைந்துகிடக்கும் அந்தத் தெற்குத் துண்டு நம் ஊரில் மிகச் சிறியது.

அந்தக் கழித்தல் கணக்கு

பூமியில் ஓர் ஊரின் இடத்தைச் சொல்ல அட்சரேகை இருப்பதுபோல, வானத்தில் ஒரு நட்சத்திரத்தின் இடத்தைச் சொல்ல நடுவரை விலக்கம் இருக்கிறது. வான நடுவரையிலிருந்து அந்த நட்சத்திரம் வடக்கே அல்லது தெற்கே எத்தனை பாகை விலகியிருக்கிறது என்பதுதான் அது. தெற்குச் சிலுவையின் அடி நட்சத்திரம் ஆக்ரக்ஸ். அதன் விலக்கம் 63 பாகை தெற்கு.

சென்னையில் நின்று நேரே தலைக்கு மேலே பாருங்கள். நீங்கள் 13 பாகை வடக்கில் நிற்பதால், உச்சியில் இருப்பதும் 13 பாகை வடக்கு விலக்கமுள்ள வானம்தான். அங்கிருந்து தெற்கே 13 பாகை இறங்கினால் வான நடுவரை வந்துவிடும். உச்சியிலிருந்து அடிவானம் வரை மொத்தம் 90 பாகை. அதில் 13 போய்விட்டது, மிச்சம் 77. ஆக்ரக்ஸுக்கு இன்னும் 63 பாகை இறங்க வேண்டும். 77-இலிருந்து 63 போனால் 14. அவ்வளவுதான். சென்னையில் ஆக்ரக்ஸ் அதிகபட்சம் அடிவானத்துக்கு மேலே 14 பாகை உயரத்துக்கு வரும்.

பொதுவாகச் சொன்னால்: 90-இலிருந்து உங்கள் ஊரின் வடக்கு அட்சரேகையைக் கழியுங்கள், பிறகு நட்சத்திரத்தின் தெற்கு விலக்கத்தைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் அது எட்டும் அதிக உயரம். விடை சுழிக்குக் கீழே போனால் அந்த ஊரில் அந்த நட்சத்திரம் உதிக்கவே உதிக்காது.

ஆக்ரக்ஸுக்கே போட்டுப் பாருங்கள். கன்னியாகுமரியில் 19 பாகை. மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் 17. சிங்கப்பூரில் 26-க்குச் சற்றுக் குறைவு. மும்பையில் 8. டெல்லியில் சுழிக்குக் கீழே ஒன்றரை பாகை, அதாவது சிலுவையின் தலை எட்டிப்பார்க்கும், அடி ஒருநாளும் தெரியாது. சென்னைக்கு இந்தக் கணக்கின் கடைசி எல்லை 77 பாகை தெற்கு.

பாகையை வானத்தில் அளக்கக் கருவி வேண்டாம். கையை முழுக்க நீட்டி முஷ்டியைப் பிடியுங்கள். முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. நடு மூன்று விரல்களைச் சேர்த்தால் 5. சுண்டுவிரல் 1. சின்னக் கைக்கு நீளமும் சின்னதாக இருப்பதால் குழந்தைகளுக்கும் இதே அளவு பொருந்தும். உவரியில் அக்கா மகள் அடிவானத்திலிருந்து முஷ்டி மேல் முஷ்டி அடுக்கி அளந்தாள். “ரெண்டு முஷ்டிக்குக் கொஞ்சம் கம்மி” என்றாள். உவரி 8.3 பாகையில் இருக்கிறது. கணக்குப்படி 18.7 வரும்.

சிலுவை ஏன் சாய்ந்து எழுகிறது

இப்போது அவளுடைய கேள்விக்கு வரலாம். தெற்குச் சிலுவையில் தலையையும் அடியையும் இணைக்கும் நீளக் கோடு, ஏறக்குறையத் தென் வான்துருவத்தை நோக்கி இருக்கிறது. சக்கரத்தின் ஆரக்கால் எந்த நிலையில் இருந்தாலும் அச்சைத்தானே காட்டும்? சிலுவையும் அப்படித்தான். அதன் அடி எப்போதும் துருவத்தைக் காட்டும். துருவம் நமக்கு அடிவானத்துக்குக் கீழே இருக்கிறது. சிலுவை தென்கிழக்கில் எழும்போது, கீழே வலப்பக்கம் இருக்கும் துருவத்தை அடி காட்டுவதால், தலை இடப்பக்கம் சாய்ந்திருக்கும். நேர் தெற்குக்கு வந்ததும் நிமிர்ந்து நிற்கும். அப்புறம் தென்மேற்கில் இறங்கும்போது வலப்பக்கம் சாய்ந்துவிடும்.

அன்றைக்கு ஒன்பது மணியைத் தாண்டியதும் நிமிர்ந்தது. கடலுக்குள் ஒரு படகின் விளக்கு நேர் கீழே ஆடிக்கொண்டிருந்தது. மேலே சிவப்புச் சாயலோடு தலை நட்சத்திரம் காக்ரக்ஸ், கீழே வெள்ளையாக ஆக்ரக்ஸ். “இப்ப நிமிர்ந்துடுச்சு” என்று அவள் கிசுகிசுத்தாள், சத்தம் போட்டால் திரும்பச் சாய்ந்துவிடும் என்பதுபோல.

இதிலிருந்து இரண்டாவது தவறும் விலகுகிறது. தெற்குச் சிலுவை துருவ நட்சத்திரம் இல்லை. அது துருவத்திலிருந்து ஏறக்குறைய 30 பாகை, அதாவது மூன்று முஷ்டி தள்ளி நின்று சுற்றுகிறது. தென் வான்துருவத்துக்கு அருகில் உள்ள நட்சத்திரம் சிக்மா ஆக்டன்டிஸ். நல்ல இருட்டில்கூடக் கண்ணுக்கு எட்டும் எல்லையில்தான் இருக்கிறது, வழிகாட்ட உதவாது. அதனால் தென்கோளத்தில் மாலுமிகள் சிலுவையின் நீளக் கோட்டை அதன் நீளத்தைப்போல் நாலரை மடங்கு நீட்டி, துருவம் இருக்கும் இடத்தை ஊகித்தார்கள். அந்த இடத்திலிருந்து நேர் கீழே இறங்கினால் தெற்கு.

நம் ஊரில் துருவம் அடிவானத்துக்குக் கீழே இருப்பதால் இன்னும் சுலபமான வழி உண்டு. சிலுவை நிமிர்ந்து நிற்கும்போது அதன் அடிக்கு நேர் கீழே இருப்பது தெற்கு. ஆனால் எழும்போதோ மறையும்போதோ அது இருக்கும் திசையைத் தெற்கு என்று நம்பிவிடக் கூடாது. சென்னையில் ஆக்ரக்ஸ் உதிக்கும் இடம், நேர் தெற்கிலிருந்து கிழக்கே 24 பாகை தள்ளி. அந்தத் திசையில் நடந்தால் 10 கிலோமீட்டரில் 4 கிலோமீட்டர் விலகிப் போயிருப்போம்.

சிட்னியில் இந்தக் காட்சி வேறு. அங்கே தென் வான்துருவம் 34 பாகை உயரத்தில் இருக்கிறது. சிலுவை துருவத்தைச் சுற்றும் வட்டம் முழுக்க அடிவானத்துக்கு மேலேயே அடங்கிவிடும், அது மறைவதே இல்லை. இப்படி உதயமும் அஸ்தமனமும் இல்லாமல் சுற்றுபவற்றுக்கு மறையா நட்சத்திரங்கள் என்று பெயர். சென்னையில் ஆக்ரக்ஸ் அடிவானத்துக்கு மேல் இருப்பது நாளில் எட்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதிலும் பாதிதான் நல்ல உயரத்தில்.

போலிச் சிலுவையும் தப்பான மாதமும்

புதிதாகப் பார்ப்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மார்ச் மாதம் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே பார்த்தால் அழகான ஒரு சிலுவை நிமிர்ந்து நிற்கும். அது போலிச் சிலுவை. வேலா, கரீனா என்ற இரண்டு விண்மீன் கூட்டங்களிலிருந்து இரண்டிரண்டு நட்சத்திரங்கள் சேர்ந்து அந்த வடிவம் அமைந்திருக்கிறது. உண்மைச் சிலுவையைவிடப் பெரியது, ஒளி குறைந்தது. உண்மைச் சிலுவை அப்போதுதான் தென்கிழக்கில் அடிவானத்தை ஒட்டி எழுந்துகொண்டிருக்கும்.

வேறுபடுத்த நல்ல அடையாளம் இரண்டு துணை நட்சத்திரங்கள். உண்மைச் சிலுவைக்கு இடப்பக்கம், அதற்குப் பின்னாலேயே இரண்டு மிகப் பிரகாசமான நட்சத்திரங்கள் வரும்: ஆல்பா சென்டாரி, பீட்டா சென்டாரி. இரண்டையும் இணைத்து நீட்டினால் சிலுவைக்குப் போய்ச் சேரலாம். போலிச் சிலுவைக்கு இப்படி வழிகாட்டிகள் இல்லை. உண்மைச் சிலுவை சின்னது என்பதும் நினைவிருக்கட்டும். மொத்தமுள்ள 88 விண்மீன் கூட்டங்களில் அதுதான் மிகச் சிறியது. தலையிலிருந்து அடிவரை 6 பாகைதான். நீட்டிய கையின் மூன்று விரலுக்குள் ஏறக்குறைய மறைந்துவிடும்.

எந்த மாதம் பார்ப்பது? ஒவ்வொரு நாளும் நட்சத்திரங்கள் நேற்றைவிட 4 நிமிடம் முன்னதாக உதிக்கின்றன. ஒரு மாதத்துக்கு 2 மணி நேரம். சிலுவை மே நடுவில் இரவு ஒன்பது மணி வாக்கில் நிமிர்ந்து நிற்கும் என்றால், ஏப்ரல் நடுவில் பதினொன்றுக்கு, மார்ச் நடுவில் நள்ளிரவு ஒன்றுக்கு, பிப்ரவரி நடுவில் விடியற்காலை மூன்றுக்கு. மே மாதம் வசதியான நேரம், ஆனால் வெப்பப் புழுதியும் கடல் ஈரமும் அடிவானத்தை மங்கலாக்கிவிடும். என் அனுபவத்தில் பிப்ரவரி விடியற்காலைதான் மிகத் தெளிவு. தூக்கம் போகும், பரவாயில்லை.

உயரம் ஏன் முக்கியம்

14 பாகை, 19 பாகை என்று எண்ணுவதில் ஒரு காரணம் இருக்கிறது. அந்தி சூரியனை வெறும் கண்ணால் பார்க்க முடிகிறது, உச்சி வெயிலில் முடிவதில்லை. ஏனென்றால் அடிவானத்தில் இருக்கும்போது அதன் ஒளி நம்மிடம் வர மிக நீண்ட காற்றுப் பாதையைக் கடக்க வேண்டும். நட்சத்திரத்துக்கும் இதே கதி. தலைக்கு நேர் மேலே இருக்கும் காற்றை ஒரு பங்கு என்றால், 30 பாகை உயரத்தில் 2 பங்கு, 10 பாகையில் ஐந்தரைப் பங்கு, 5 பாகையில் 10 பங்கு. அடிவானத்தில் நகர வெளிச்சமும் புகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சென்னை மொட்டை மாடியில் சிலுவை தெரியவில்லை என்றால் அது உதிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. தெற்கே விளக்கு குறைந்த, கட்டடம் மறைக்காத இடமாகப் பார்த்துப் போனால் தெரியும்.

கண்ணுக்கும் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். முழு இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒரு முறை போன் திரையைப் பார்த்தால் அத்தனையும் வீண், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வெளிச்சம் தேவைப்பட்டால் டார்ச் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். மங்கிய சிவப்பு வெளிச்சம் கண்ணின் இருட்டுப் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுக்காது.

இங்கிருந்து பார்த்தவர்கள்

ஐரோப்பியர்களுக்குத் தெற்கு வானம் வெகுகாலம் வெற்று வரைபடம். ஆங்கிலேய வானியலாளர் எட்மண்ட் ஹாலி 20 வயதில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு செயின்ட் ஹெலினா தீவுக்குக் கப்பலேறி, 341 தெற்கு நட்சத்திரங்களின் பட்டியலை 1679-இல் வெளியிட்டார். பிரெஞ்சு வானியலாளர் லகாய் 1750-களின் தொடக்கத்தில் நன்னம்பிக்கை முனையில் உட்கார்ந்து ஏறக்குறைய 10,000 நட்சத்திரங்களை அளந்தார். அவர்களுக்கெல்லாம் தெற்கு வானம் என்றால் மாதக்கணக்கில் கடல் பயணம்.

நம் மண்ணிலும் அந்த வேலை நடந்தது, அதைப் பலர் அறிவதில்லை. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஜான் ரிஷோ ஒரு வால்மீனைக் கவனித்துக்கொண்டிருந்தபோது, ஆல்பா சென்டாரி ஒற்றை நட்சத்திரம் இல்லை, இரட்டை என்று கண்டுபிடித்தார். புதுச்சேரியில் அது எட்டும் அதிக உயரம் 17 பாகை. 1867-இல் மதராஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். இன்று ஆர் ரெட்டிகுலி என்று அழைக்கப்படும் அதன் விலக்கம் 63 பாகை தெற்கு. கழித்துப் பாருங்கள்: சென்னையில் 14 பாகை உயரம்தான். அந்த நெடிய காற்றுப் பாதைக்கு நடுவே ஒரு மங்கலான புள்ளியை அளந்து, அதன் ஒளி மாறுகிறது என்று ஒருவர் உறுதியாகச் சொல்லியிருக்கிறார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும்.

ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் அமைந்ததிலும் இந்தக் கழித்தல் கணக்குக்குப் பங்கு உண்டு. வானியலாளர் வைணு பாப்பு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது, 12.5 பாகை அட்சரேகையில் வடக்கும் தெற்கும் சேர்ந்து தெரியும் என்பது ஒரு பெரிய ஆதாயம். அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

தெற்கில் அப்படி என்ன இருக்கிறது

நம் பால்வழி மண்டலத்தின் மையம் 29 பாகை தெற்கு விலக்கத்தில் இருக்கிறது. மையத்தில்தானே கூட்டம் அதிகம்? அதனால்தான் தெற்கு வானம் இவ்வளவு செழிப்பு. சிலியிலும் தென்னாப்பிரிக்காவிலும் பெரிய தொலைநோக்கிகளை நிறுவியிருப்பதற்கு வறண்ட காற்றோடு இதுவும் ஒரு காரணம். அந்த மையம் லண்டனில் 10 பாகைகூட எழாது. சென்னையில் 48 பாகை ஏறிவிடும்.

வெறும் கண்ணுக்கே கிடைப்பவற்றில் முதலில் அகத்தியர் நட்சத்திரம், மேலைநாட்டுப் பெயர் கனோபஸ். இரவு வானத்தில் சிரியஸுக்கு அடுத்த பிரகாசம். பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணி வாக்கில் சிரியஸுக்குக் கீழே மூன்றரை முஷ்டி இறங்கினால் கிடைக்கும். தெற்கே போக வேண்டி வந்த முனிவரின் பெயரைத் தெற்கே தாழ்ந்து நிற்கும் நட்சத்திரத்துக்கு வைத்திருக்கிறார்கள். வடக்கே போகப் போக அது தாழ்ந்துகொண்டே போகும், நம்மிடம் சென்னையில் 24 பாகை நிமிர்ந்து நிற்கும்.

ஆல்பா சென்டாரி ஜூன் நடுவில் ஒன்பது மணி வாக்கில் தெற்கே நிற்கும். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரக் குடும்பம் அதுதான். அதன் ஒளி நம்மிடம் வர 4 ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம், “நீ மூணாம் வகுப்பு படிச்சப்ப கிளம்பின வெளிச்சம்” என்று சொல்லலாம். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

பைனாகுலர் இருந்தால் இன்னொன்று. பீட்டா சென்டாரியிலிருந்து மேலே எப்சிலான் சென்டாரிக்கு ஒரு கோடு போட்டு, அதே நீளம் இன்னும் மேலே போங்கள். பஞ்சுப் பொட்டுபோல் ஒன்று தெரியும். அதற்கு ஒமேகா சென்டாரி என்று பெயர். ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்கள் ஒரே பந்தாகத் திரண்ட கொத்து, 17,000 ஒளியாண்டு தொலைவு, அதாவது அதன் ஒளி நம்மிடம் வர அத்தனை ஆண்டு ஆகும். சென்னையில் அது கிட்டத்தட்ட 30 பாகை ஏறும் என்பதால் அடிவான மங்கல் பெரிய தடையில்லை. 7x50 அல்லது 10x50 என்று எழுதியிருக்கும் சாதாரண பைனாகுலர் போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். டெலஸ்கோப் வாங்குவதைப் பற்றி ஒரு வருடம் கழித்து யோசித்தால் நல்லது.

எட்டும் ஆனால் கடினம் என்ற வரிசையில் கடைசியாகப் பெரிய மகெல்லன் மேகம். பால்வழிக்கு வெளியே, 1,60,000 ஒளியாண்டு தூரத்தில் உள்ள வேறொரு சின்ன மண்டலம். 1987-இல் ஒரு நட்சத்திரம் அங்கே வெடித்தது தென்கோளத்தில் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. இந்த மேகத்தின் தெற்கு விலக்கம் 70 பாகைக்குச் சற்றுக் குறைவு. சென்னையில் 7 பாகை, அது காற்றிலேயே கரைந்துவிடும். உவரியில் 12.

அக்கா மகள் கணக்கைப் போட்டுவிட்டாள். ஜனவரி மூன்றாம் வாரம், இரவு ஒன்பதரைக்கும் பத்துக்கும் நடுவில், நிலா இல்லாத இரவு. பைனாகுலரை அவள் பையில் வைக்கப் போகிறாளாம். போன் என் வேஷ்டி மடிப்பிலேயே இருக்க வேண்டும், வெளியே எடுக்கவே கூடாது என்று இப்போதே சொல்லிவிட்டாள்.